இம்பிலா வேரும் கல்லீரலும்

தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் புல்வெளிகளில் வெள்ளை இதழும் கருத்த நடுவுமாகப் பூக்கும் ஒரு செடி உண்டு. சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. சூலு மக்கள் இதை இம்பிலா என்கிறார்கள். தாவரவியலார் வைத்த பெயர் காலிலெபிஸ் லாரியோலா. மருந்துக்கு எடுப்பது மண்ணுக்கடியில் கிழங்காகப் பருத்திருக்கும் வேரை. வயிற்றுக் கோளாறு, நாடாப்புழு, இருமல், குழந்தைப்பேறு, கெட்ட ஆவியை விரட்டுவது என எதற்கும் இந்த வேர்தான். பொடித்துக் காய்ச்சிய கஷாயத்தைக் குடிப்பதும் உண்டு, எனிமாவாகக் கொடுப்பதும் உண்டு. கைக்குழந்தைகளுக்கும் கொடுத்தார்கள். அங்கேதான் வினை.

வாந்தி, வயிற்றுவலி, வலிப்பு, பிறகு நினைவிழப்பு. இப்படி வந்த குழந்தைகளைப் பற்றி டர்பன் மருத்துவர்கள் 1979-இல் விரிவாக எழுதினார்கள். ரத்தத்தில் சர்க்கரை அதலபாதாளத்தில் இருந்தது. கல்லீரலும் சிறுநீரகமும் ஒருசேரச் செயலிழந்தன. இம்பிலா நஞ்சேறி ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் ஐந்து நாளைக்குள் இறந்துபோனார்கள்.

காரணம், வேரிலுள்ள அட்ராக்டிலோசைடு என்ற நச்சு. நம் உயிரணுக்களுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்புகள் இருக்கின்றன. உடம்புக்கான ஆற்றல் பெரும்பாலும் அங்கேதான் தயாராகிறது. அரிசி ஆலையில் நெல் உள்ளே போகவும் அரிசி வெளியே வரவும் ஒரே வாசல் என்று வைத்துக்கொள்ளுங்கள். மைட்டோகாண்ட்ரியாவிலும் அப்படியொரு வாசல் உண்டு; இந்த நச்சு அதை அடைத்துவிடுகிறது. ஆற்றல் இல்லாத கல்லீரலால் புதிதாகச் சர்க்கரை செய்ய முடியாது. இருப்பு தீர்ந்ததும் மூளை பட்டினி கிடக்கிறது. வலிப்பு வருவது அதனால்தான். கல்லீரல் திசுவும் மடியத் தொடங்குகிறது.

கல்லீரலைக் கெடுக்கும் இன்னொரு வகை, செனிசியோ பேரினச் செடிகள். இவை செய்வது வேறு மாதிரி. அவற்றிலுள்ள பைரோலிசிடின் ஆல்கலாய்டுகளை நச்சாக மாற்றுவதே கல்லீரல்தான். அந்த நச்சு கல்லீரலின் நுண்ணிய ரத்தநாளங்களை அடைக்கிறது. வயிற்றில் நீர் கோத்துக்கொள்கிறது. தென்னாப்பிரிக்காவில் கோதுமையோடு கலந்துவிட்ட செனிசியோ, ரொட்டி வழியே மக்களின் கல்லீரலைக் கெடுத்ததை 1920-லேயே மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக உடம்பில் சேர்ந்தால் மாதக்கணக்கில் ஒன்றும் தெரியாது. ஆகவே, “எத்தனையோ முறை குடித்தேன், ஒன்றும் ஆகவில்லை” என்ற பேச்சுக்கு இங்கே மதிப்பில்லை.

ஆனால் ஆப்பிரிக்காவில் கல்லீரல் கெட்டாலே மூலிகைதான் காரணம் என்பதும் தவறு. சகாராவுக்குத் தெற்கே ஹெபடைடிஸ் பி பரவலாக இருக்கிறது. பூஞ்சை பிடித்த சோளத்திலும் வேர்க்கடலையிலும் அஃப்ளடாக்ஸின் என்ற நச்சு இருக்கிறது. காசநோய், எச்ஐவி மாத்திரைகளில் சிலவும் கல்லீரலைத் தாக்கும். இத்தனைக்கும் நடுவே, பெயர் ஒட்டாத பாட்டிலில் பல வேர்கள் கலந்த கஷாயம். எது செய்த வேலை என்று பிரித்துச் சொல்வது எளிதல்ல. திட்டுவார்களோ என்று பயந்து நோயாளிகளும் மூலிகை குடித்ததை மறைத்துவிடுகிறார்கள். அதட்டிக் கேட்கும் மருத்துவருக்கும் அதில் பங்குண்டு என்பேன்.

இம்பிலாவின் நச்சுக்கு நெருங்கிய உறவான ஒன்று நம்மூர்த் தரிசுகளில் வளரும் மருளூமத்தையின் விதையிலும் இளநாற்றிலும் இருக்கிறது. 2007-இல் வங்கதேசத்தின் சில்ஹெட் பகுதியில் அதைக் கீரையாகச் சமைத்துச் சாப்பிட்டவர்களில் 19 பேர் இறந்தார்கள்.

இம்பிலாவின் நச்சுக்கு முறிவு மருந்து கிடையாது. குளுக்கோஸ் ஏற்றுவது, வலிப்பை அடக்குவது, சிறுநீரகத்துக்குக் கைகொடுப்பது, இவ்வளவுதான் மருத்துவரால் முடியும். எந்த ஊர் மூலிகையானாலும், குடித்தபின் வாந்தியோ மயக்கமோ மஞ்சள் காமாலையோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மிச்சமிருக்கும் கஷாயத்தையும் வேர்த்துண்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.