வளைவுக்குத் தனிக் கணக்கு

ஸ்ரீரங்கம் உத்திர வீதியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வெளிநாட்டில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது ஒட்டுத்துணிப் போர்வை தைக்கக் கற்றுக்கொண்டாராம். 'தாளை வைத்துத் தைத்தால் முக்கோணமும் நட்சத்திரமும் கோடு போட்டாற்போல் வருகின்றன. வளைவு வந்தால் மட்டும் துணி கொசகொசவென்று சுருங்கிக்கொள்கிறது. கோளாறு என் கையிலா, மெஷினிலா?' என்று கேட்கிறார்.

இரண்டிலும் இல்லை அம்மா. வட்டத்தின் கணக்கே அப்படித்தான்.

பாபின் மாற்றத் தெரிந்தவர்களுக்கு முதல் பாடம் வேண்டாம். தாளின் சேதியை மட்டும் சொல்லிவிடுகிறேன். 'ஃபவுண்டேஷன் பேப்பர் பீசிங்' என்ற முறையில் படத்தைத் தாளில் அச்சிட்டு, துணித் துண்டுகளை அதன் அடியில் வைத்து, மேலே தெரியும் கோட்டின் மீதே மெஷினை ஓட்டுவார்கள். தையல் முடிந்தபின் தாளைக் கிழித்து எடுத்துவிடலாம். சுலபமாகக் கிழிய வேண்டும் என்பதற்காகவே தையலைப் பொடியாக வைப்பார்கள். துணிக்குத் தாளைத் துணையாக வைப்பது பழைய யோசனைதான். 1718 என்று ஆண்டு தைத்த ஒரு பட்டு ஒட்டுப்போர்வை இங்கிலாந்தில் இருக்கிறது. துண்டுகளை மடித்துக் கையால் தைக்க உதவிய தாள்கள் அதற்குள் இன்னமும் இருக்கின்றன. நம் ஊர்த் தையல் வகுப்புகளிலும் முதல் ரவிக்கையைச் செய்தித்தாளில்தானே வெட்டச் சொல்கிறார்கள்!

இனி வளைவுக்கு வருவோம். கால் வட்டமாக ஒரு துண்டு. அது போய் உட்காருவதற்கு, கால் வட்டம் வெட்டி எடுத்த இன்னொரு துண்டு. முதலாவதன் ஓரம் வெளியே புடைத்திருக்கும், இரண்டாவதன் ஓரம் உள்ளே குழிந்திருக்கும். தைக்கப்போகும் கோடு இரண்டிலும் ஒரே நீளம். ஆனால் நம் கை பிடிப்பது கோட்டையல்ல, துணியின் விளிம்பை. தையலுக்கென்று கால் இஞ்ச் மார்ஜின் விட்டிருக்கிறோம். புடைத்த துண்டில் அந்த மார்ஜின் கோட்டுக்கு வெளியே இருப்பதால் விளிம்பு நீளமாகிறது. குழிந்த துண்டில் கோட்டுக்கு உள்ளே இருப்பதால் விளிம்பு குறைந்துபோகிறது. நீளமான விளிம்பையும் குட்டையான விளிம்பையும் சேர்த்துப் பிடித்தால் துணி சுருங்காமல் என்ன செய்யும்?

எனக்கு மிகப் பிடித்த விசித்திரம் இனிமேல்தான். 3 இஞ்ச் ஆரமுள்ள கால் வட்டத்தில் இரு விளிம்புகளின் வித்தியாசம் 0.785 இஞ்ச், அதாவது முக்கால் இஞ்ச்சுக்குச் சற்று மேல். 12 இஞ்ச் ஆரமுள்ள பெரிய வளைவில் எவ்வளவு இருக்கும்? அதே 0.785தான். வட்டம் பெரிதா சிறிதா என்பது இந்தக் கணக்கில் வரவே வராது. எவ்வளவு திரும்புகிறோம், எவ்வளவு மார்ஜின் விட்டோம் என்ற இரண்டே விஷயங்கள்தான் விடையைத் தீர்மானிக்கின்றன.

ஸ்ரீரங்கத்துக்காரர்கள் இதை வருஷாவருஷம் நேரில் பார்க்கிறார்கள். சித்திரைத் தேர் வீதி முனையில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓடியாக வேண்டும். இரு பக்கச் சக்கரங்களுக்கும் இடையே 10 அடி என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், வெளிச்சக்கரம் 15.7 அடி கூடுதலாக ஓட வேண்டும். முனையை ஒட்டித் திரும்பினாலும் அகலமாகச் சுற்றி வந்தாலும் அந்த 15.7 அடி மாறாது. சிறு வயதில் முட்டுக்கட்டை போடுகிறவர்களையே வேடிக்கை பார்த்து நின்றவன் நான். அவர்கள் கட்டையைத் தள்ளித் தள்ளிச் சரிசெய்வது இந்த வித்தியாசத்தைத்தான் என்பது பின்னால்தான் புரிந்தது.

வித்தியாசம் மாறாதென்றால் சின்ன வளைவு ஏன் அதிகம் படுத்துகிறது? 3 இஞ்ச் வட்டத்தில் தையல் கோட்டின் நீளமே 4.7 இஞ்ச்தான். அதற்குள் முக்கால் இஞ்ச்சை ஒளித்துவைக்க வேண்டும். 12 இஞ்ச் வட்டத்தில் அதே முக்கால் இஞ்ச் கிட்டத்தட்ட 19 இஞ்ச் நீளத்தில் பரவிக்கொள்கிறது. ஆகவே வளைவு சிறியதானால் மார்ஜினையும் சிறிதாக்குங்கள். அரைக்கால் இஞ்ச் விட்டால் வித்தியாசம் பாதியாகிவிடும்.

மிச்சத்தை ஏற்றுக்கொள்ளத் துணியே ஒத்துழைக்கும். பாவு நூல் வழியிலும் ஊடை நூல் வழியிலும் இழுத்தால் துணி அவ்வளவாகக் கொடுக்காது. கோணலாக இழுத்தால், டெய்லர்கள் 'கிராஸ்' என்று சொல்லும் திசையில், நன்றாகக் கொடுக்கும். கால் வட்டத்தின் இரு முனைகளும் நூல் வழியில் இருந்தால் அதன் நடு வயிறு முழுக் கிராஸில் இருக்கும். அதனால் இரு துண்டுகளையும் பாதியாக மடித்து நடுவைக் குறித்துக்கொண்டு, முதல் குண்டூசியை அங்கே குத்துங்கள். பிறகு இரண்டு முனைகளிலும், கடைசியாக இடைவெளிகளிலும் குத்தலாம். ஒரு முனையில் தொடங்கித் தைத்துக்கொண்டே போனால் மிச்சத் துணி முழுவதும் மறுமுனையில் வந்து குவியும்.

குழிந்த துண்டில் கோட்டுக்குச் சற்று வெளியே, மார்ஜினுக்குள், ஒரு காவல் தையல் ஓட்டிவிட்டு விளிம்பில் சின்னச் சின்ன வெட்டுக் கொடுங்கள். வெட்டு அந்தத் தையலைத் தொடக் கூடாது. தைக்கும்போது குழிந்த துண்டு மேலே இருக்கட்டும். அப்போதுதான் சேரும் சுருக்கம் கண்ணுக்குத் தெரியும், விரலால் நீவிவிட்டுக்கொண்டே போகலாம்.

தாளுக்கு வளைவில் ஒரு தர்மசங்கடம் உண்டு. கிராஸ் துணி இழுபடாமல் காக்கிறது தாள். ஆனால் வளைவில் துணி கொஞ்சம் இழுபட்டே ஆக வேண்டும். 'நியூயார்க் பியூட்டி' என்ற பேர்பெற்ற வடிவத்தில், கூர் கூராக முனைகள் நீட்டிய வில் ஒன்று வரும். அதன் உள்விளிம்பு குழிந்தது. அங்கே வில் மேலே இருக்கும், தாளின் கோடும் கண்ணுக்குத் தெரியும், அப்படியே தைக்கலாம். வெளிவிளிம்போ புடைத்தது. அங்கே வில் அடியில் போய்விடும், கோடு தெரியாது, தாள் மெஷின் பல்லில் வழுக்கும். அதனால் அந்த ஓரத்து மார்ஜினிலிருந்து தாளைக் கிழித்துவிட்டு, மேல்துணியில் பென்சிலால் கோடு போட்டுக்கொள்வதே நல்லது. முடிந்ததும் மார்ஜினைக் குழிந்த துண்டின் பக்கமாக மடித்து இஸ்திரிப் பெட்டியை வைத்து வைத்து எடுங்கள். தேய்த்தால் கிராஸ் இழுபட்டு, உழைப்பெல்லாம் வீணாகும். பழக்கத்துக்கு உறையூர்ப் பருத்திப் புடவை பழசு ஒன்று போதும்.

இதெல்லாம் சீமைச் சரக்கு என்று யாரும் நினைக்க வேண்டாம். தேரில் தொங்கும் தொம்பையைக் கிட்டப் போய்ப் பாருங்கள். தஞ்சை வட்டாரத்தில் செய்யும் இந்தத் தேர்ச்சீலைகளில் தாமரையும் யாளியும் வண்ணத் துணியில் வெட்டி ஒட்டுத் தையல் போட்டவை. தாமரை இதழின் ஓரத்தை உள்ளே மடித்துத் தைக்கும்போதும் நீளமான விளிம்பு குட்டையான இடத்தில் அடங்க வேண்டியிருக்கிறது. புடைத்த ஓரமானால் மிச்சத்தைக் கத்தரித்து எடுப்பார்கள், குழிந்ததானால் வெட்டுக் கொடுத்து விரிப்பார்கள். அந்த இடத்தில் இப்போது கம்ப்யூட்டரில் அச்சடித்த துணியைத் தொங்கவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாதாம். தூரத்திலிருந்து பார்க்கவா தேர் வடத்தைப் பிடிக்கிறோம்?

தினமும் வளைவு தைக்கிறவர்களும் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். ரவிக்கையின் கைக்குழியில் கையை ஏற்றுவது போர்வை வளைவைவிடச் சிரமமான வேலை. போர்வையில் தையல் கோடுகளாவது சமம். ரவிக்கையில் கையின் மேல்வளைவைக் கைக்குழியைவிடக் கொஞ்சம் நீளமாகவே வெட்டுவதுண்டு, தோள் உருண்டு வரவேண்டும் என்பதற்காக. அந்தக் கூடுதலைச் சுருக்கம் தெரியாமல் அடக்கிவிடுகிறார் டெய்லர். ஆரம், கோணம் என்ற வார்த்தைகள் அவர் வாயில் வராது. விரலில் இருக்கிறது.

நாமோ பெரிய கடை வீதியில் புடவைக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு, தையல் கூலியில் ஐம்பது ரூபாய்க்கு வாதாடுகிறோம். இழுத்த இழுப்புக்கு வரும் துணிகள் வந்தபிறகு வளைவு சரியில்லாவிட்டாலும் உடம்பு சமாளித்துக்கொள்கிறது, கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கும் பொறுமை குறைகிறது. ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ரவிக்கையை வாங்கியதும் உள்பக்கம் திருப்பிக் கைக்குழியைப் பாருங்கள். மார்ஜின் ஒரே அளவாக ஓடி, தோளில் ஒரு சுருக்கமும் இல்லாமல் இருந்தால், அவர் கேட்ட கூலியைக் கேட்டபடி கொடுத்துவிடுங்கள். அவர் வீட்டுப் பிள்ளைகளில் யாராவது ஒருவர் இந்த வேலையைக் கற்றுக்கொள்ளலாமா வேண்டாமா என்று யோசிப்பது அந்தக் கூலியைப் பார்த்துத்தான்.