நான்கு பெயர் கண்ட பள்ளிக்கூடம்

அமெரிக்காவுக்கு மேற்படிப்புக்கு விண்ணப்பம் போடும் நம் வீட்டுப் பிள்ளைகளின் பட்டியலில் 'பென் ஸ்டேட்' என்ற பெயர் அடிக்கடி இருக்கும். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம் என்பது அதன் முழுப்பெயர். 1855-இல் அது பிறந்தபோது அதற்கு இட்ட பெயர் 'உழவர் உயர்நிலைப் பள்ளி' என்றால் பலர் நம்ப மாட்டார்கள்.

தொடங்கியவர்களின் எண்ணம் கல்லூரி நடத்துவதுதான். ஆனால் 'கல்லூரி' என்ற சொல்லைக் கேட்டாலே அந்நாளைய குடியானவர்களுக்கு ஆகாது. கல்லூரிக்குப் போனவன் வக்கீலாவான், பாதிரியாராவான். திரும்பி வந்து ஏர் பிடிக்க மாட்டான் என்று பயந்தார்கள். ஆகவே பெயரைத் தாழ்த்தி வைத்தார்கள். நம் ஊரில் நர்சரி பள்ளிக்குக்கூட 'இன்டர்நேஷனல்' என்று பலகை மாட்டுகிற காலத்தில் இது வேடிக்கையாகத்தான் தோன்றும்.

இதற்கு முன்நின்றவர் பிரடரிக் வாட்ஸ். நீதிபதி; நல்ல விவசாயி; கம்பர்லாண்ட் வேலி ரயில் கம்பெனியின் தலைவரும்கூட. ரயில்வேயில் காலம் கழித்த எனக்கு இந்தக் கடைசி விவரத்தில் தனி மகிழ்ச்சி! ஜேம்ஸ் இர்வின் என்ற இரும்பு உலை முதலாளி 200 ஏக்கர் நிலம் கொடுத்தார். ரயில் பாதை இல்லாத, மலைகளுக்கு நடுவே அமைந்த இடம். கட்டடம் எழும்பும்போதே 1857-இன் பண நெருக்கடி வந்து வேலை நின்றது. 1859 பிப்ரவரி 16-இல் பாதிக் கட்டடத்தில் 69 மாணவர்களோடு பள்ளி திறந்தது. ஒவ்வொரு மாணவனும் தினம் மூன்று மணி நேரம் உடலுழைப்புச் செய்தாக வேண்டும் என்பது விதி.

அந்த ஆண்டுக் கடைசியில் முதல் தலைவராக வந்து சேர்ந்தார் இவான் ப்யூ. கொல்லர் வீட்டுப் பிள்ளை. ஜெர்மனியில் கோட்டிங்கன் சென்று முனைவர் பட்டம் பெற்றவர். பிறகு இங்கிலாந்தில் ராத்தம்ஸ்டட் பண்ணையில், செடிகள் காற்றிலுள்ள நைட்ரஜனை நேரே உறிஞ்சுகின்றனவா என்று லாஸ், கில்பர்ட் இருவருடன் சேர்ந்து ஆராய்ந்தவர். (அவர்கள் சோதித்த செடிகள் உறிஞ்சவில்லை. பயறு வகைகளின் வேர் முடிச்சுகளில் உள்ள நுண்ணுயிர்கள் அந்த வேலையைச் செய்கின்றன என்பது பிற்பாடுதான் தெரிந்தது.) இத்தனை படிப்போடு ஒருவர் காட்டில் பாதி கட்டிய பள்ளிக்கு வந்தார் என்பதே பெரிய விஷயம். 1861-இல் முதல் 11 பேர் பட்டம் பெற்றார்கள்.

1862-இல் அமெரிக்கக் காங்கிரஸ் மாரில் சட்டத்தை நிறைவேற்றியது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் அதன் காங்கிரஸ் உறுப்பினர் ஒருவருக்கு 30,000 ஏக்கர் கணக்கில் நிலம். அதை விற்று விவசாயமும் இயந்திரக் கலையும் கற்பிக்கும் கல்லூரி நடத்த வேண்டும். பென்சில்வேனியாவின் பங்கு 7,80,000 ஏக்கர். உழவர் பள்ளியும் அவ்வாண்டே 'பென்சில்வேனியா விவசாயக் கல்லூரி' ஆயிற்று. ஆனால் மாநிலத்தின் மற்றக் கல்லூரிகளும் பங்கு கேட்டு வந்து நின்றன. பணத்தைக் கூறு போட்டால் ஒருவருக்கும் உதவாது என்று ப்யூ விடாமல் வாதாடினார். நடுவில் குதிரை வண்டி விபத்தில் கை முறிந்தது. 1864 பிப்ரவரியில் திருமணம், ஏப்ரலில் காலமானார். வயது 36.

அவர் காக்கப் போராடிய நிலம் கடைசியில் ஏக்கர் சுமார் 56 சென்ட் வீதம் விலைபோய், 4,39,000 டாலர் அளவில் சேர்ந்தது. அந்த நிலமெல்லாம் செவ்விந்தியக் குடிகளிடமிருந்து பறித்தது என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது.

ப்யூவுக்குப் பின் பதினெட்டு ஆண்டுகள் தள்ளாட்டம். தலைவர்கள் வந்தார்கள், போனார்கள். 1871-இல் பெண்களைச் சேர்த்துக்கொண்டது நல்ல காரியம். 1874-இல் பெயரிலிருந்து விவசாயமே போய் 'பென்சில்வேனியா ஸ்டேட் காலேஜ்' என்றாயிற்று. மூன்று மணி நேர உழைப்பும் காலப்போக்கில் மறைந்தது. 1882-இல் வந்த ஜார்ஜ் ஆதர்ட்டன்தான் நிமிர்த்தினார். சட்டத்தில் இருந்த 'இயந்திரக் கலை' என்ற சொல்லை அவர் இறுகப் பிடித்துக்கொண்டு பொறியியல் துறைகளை வளர்த்தார். 1892-இல் ரயிலும் வந்தது. விவசாயப் பள்ளியைக் காப்பாற்றியது பொறியியல் என்று நான் சொன்னால் அது டிப்ளமா இஞ்சினியரின் பாரபட்சம் என்பீர்கள். ஆனால் மாணவர் கூட்டம் வந்தது அதற்காகத்தான்.

'பல்கலைக்கழகம்' என்ற பெயர் 1953-இல் கிடைத்தது. அப்போது தலைவர் மில்டன் ஐசனோவர், ஜனாதிபதி ஐசனோவரின் தம்பி. பல்கலைக்கழக வளாகத்துக்கு 'யுனிவர்சிட்டி பார்க்' என்று தனித் தபால் நிலையம் வந்தது. பக்கத்து ஊர் மட்டும் இன்றும் 'ஸ்டேட் காலேஜ்' என்ற பழைய பெயரை விடவில்லை.

இந்தக் கதைக்கு நம் மகாராஷ்டிரத்தோடு ஓர் ஒட்டு உண்டு. 1960-இல் பந்த்நகரில் தொடங்கி நம் நாட்டு வேளாண் பல்கலைக்கழகங்கள் அமெரிக்க நிலக்கொடைக் கல்லூரிகளின் மாதிரியில் அமைந்தன. ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகம் துணை: பஞ்சாபுக்கு ஒகையோ, மகாராஷ்டிரத்துக்கு இதே பென் ஸ்டேட். கற்பித்தல், ஆராய்ச்சி, விரிவாக்கம் மூன்றும் ஒரே கூரையில் என்பது அந்த மாதிரியின் உயிர். அமெரிக்காவில் 1914-ஆம் ஆண்டுச் சட்டத்தால் கல்லூரி ஆளே மாவட்டந்தோறும் விவசாயியின் வயலுக்குப் போகலானார். இங்கே முதல் இரண்டும் நன்றாகவே வேர் பிடித்தன. மூன்றாவது பெரும்பாலும் மாநில விவசாயத் துறையின் கையிலேயே தங்கிவிட்டது. கோவைப் பல்கலைக்கழகத்திலும் (1971) கதை ஏறக்குறைய இதுதான்.

மகாராஷ்டிரப் பல்கலைக்கழகம் 1968-இல் அமைந்தது. ராகுரியைத் தலைமையிடமாகக் கொண்ட அது பின்னாளில் மகாத்மா பூலேயின் பெயரை ஏற்றது. உழவனின் துயரத்தை 1883-லேயே ஒரு முழுப் புத்தகமாக மராத்தியில் எழுதிய மனிதர் அவர்.