உங்களுக்குத் தெரியுமா? திசை பார்த்துப் பாடம்!

அமெரிக்காவில் ஒரு பழங்குடி மக்கள் தாமே தொடங்கி நடத்திய முதல் கல்லூரி, அரிசோனாவில் நவஹோ பழங்குடியினரின் டினே கல்லூரி. 1968-இல் நவஹோ சமூகக் கல்லூரியாகத் தொடங்கியது. இப்போதைய பெயர் 1997-இல் வந்தது. ஒரு காலத்தில் அரசு உறைவிடப் பள்ளிகளில் தாய்மொழி பேசிய நவஹோ பிள்ளைகளுக்குத் தண்டனை கிடைத்தது. இங்கே அந்த மொழியே பாடம். தறியில் கம்பளம் நெய்வதும் பாடம்தான்!

கல்லூரியின் சேலி வளாகத்தில் உள்ள ஆறு மாடிக் கண்ணாடிக் கட்டடம், கிழக்கு வாசல் வைத்துக் கட்டும் நவஹோ வீடான ஹோகனின் வடிவில் எழும்பியது. கல்லூரியின் கல்விக் கொள்கையும் திசைகளைச் சுற்றியே அமைந்திருக்கிறது: கிழக்கில் சிந்தனை, தெற்கில் திட்டமிடல், மேற்கில் வாழ்தல், வடக்கில் மன உறுதி. அந்தக் கட்டடம் தாங்கியிருப்பது, இக்கல்லூரியின் தலைவரான முதல் நவஹோ, நெட் ஹட்டத்லியின் பெயரை.