நிரம்பும் வட்டும் நிலைக்கும் பிரதியும்

ஓலைச்சுவடிகள் செல்லரித்து அழியுமுன் அவற்றைப் படியெடுத்துக் காத்தனர் நம் முன்னோர். இன்று அப்பணியைக் கணனி தானாகவே செய்கின்றது. 2012இல் விண்டோஸ் 8 உடன் அறிமுகமான ‘பைல் ஹிஸ்டரி’, மாற்றமடைந்த கோப்புகளை மணிக்கொருமுறை வெளிவட்டிற் படியெடுத்து வைக்கின்றது.

ஆயினும், வட்டு விரைவில் நிரம்பிவிடுகின்றதே, ஏன்? மாற்றமடைந்த கோப்பு ஒவ்வொரு முறையும் முழுமையாகப் படியெடுக்கப்படுகின்றது. 2 ஜிபி அளவுள்ள ஒளிப்படக் காட்சியொன்றை ஐந்து வெவ்வேறு மணிகளில் திருத்தினால், 10 ஜிபி இடம் போய்விடும். பழைய பிரதிகளை என்றென்றும் வைத்திருப்பதே அதன் இயல்பான அமைப்பு.

பரிகாரம் எளிது. ‘கன்ட்ரோல் பனல்’ ஊடாக அவ்வமைப்பைத் திறந்து, இடம் தேவைப்படும் வரை மட்டும் பழையவற்றை வைத்திருக்குமாறு மாற்றுங்கள். அங்கேயே ஓராண்டுக்கு முந்திய பிரதிகளையும் நீக்கலாம். ஒவ்வொரு கோப்பினதும் இறுதிப் பிரதி அழியாது. திரைப்படம் போன்று மீண்டும் பெறக்கூடியவற்றை விலக்கிவிடுங்கள்.

மாணவச் செல்வங்களே! இடமில்லையென்று பெற்றோர் காப்பையே நிறுத்த முற்பட்டால், இவற்றைச் செய்து கொடுங்கள். ஊரிலிருந்து கொண்டுவர முடிந்த நாலைந்து நிழற்படங்களே பல குடும்பங்களின் பெருஞ்செல்வம். அவை ஒரே வட்டில் மட்டும் இருத்தல் ஆகாது.