பெயரில்லா மணச் சட்டம்

ஒரு பாலார் இருவர் தம்முள் மணந்துகொள்ளுதலைச் சட்டம் ஏற்கலாமோ என்னும் வழக்கு இன்று பல நாடுகளில் நடைபெறுகின்றது. ஆசியாவில் அதனை முதற்கண் ஏற்ற நாடு தைவான். ஆண்டு நிகழ்ந்த பூசல் இறுதியில் ஒரு சொல்லின்மேல் வந்து நின்றமையால், தமிழ் பயிலும் நமக்கு அது தனிச்சுவை தருவதாயிற்று.

சீ சியா-வெய் என்பார் 1986-இல் தம் மணத்தை ஏற்குமாறு வேண்டி மறுக்கப்பெற்றவர். பின்னர் அவரும் தைபே நகராட்சியாரும் முறையிட, 2017 மே 24-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் தன் 748-ஆம் விளக்கத் தீர்ப்பை வழங்கிற்று. மணஉரிமை இவர்கட்கும் உண்டு. இரண்டாண்டினுள் சட்டம் வகுத்தல் வேண்டும் என்பது அதன் கருத்து. எதிர்த்தோர் வாளா இருந்தாரல்லர். அவருள் கிறிஸ்தவ சபையாரும் பலர். 2018 நவம்பரில் எடுத்த பொதுவாக்கில், குடிமைச் சட்டத்திலுள்ள திருமணம் ஆண் பெண் இருவர்க்கே உரித்தாதல் வேண்டும் என்றோர் பெருந்தொகையினராயினர்.

தீர்ப்பைத் தள்ளுதலும் ஆகாது. வாக்கை மீறுதலும் ஆகாது. சட்டமன்றத்தார் என் செய்தனர்? 2019 மே 17-இல் தனிச்சட்டம் ஒன்று இயற்றி, '748-ஆம் விளக்கத்தை நிறைவேற்றும் சட்டம்' என்று எண்ணையே பெயராக இட்டனர். தலைப்பில் திருமணம் என்னும் சொல் இல்லை. நான்காம் பிரிவிலோ 'திருமணப் பதிவு' என்றே காண்கின்றோம்! வாயிலில் தடுத்த சொல்லை உள்ளே அமர்த்திய இச்சூழ்ச்சியை நாம் இகழோம். இறந்த துணைவரின் சொத்தில் உரிமை அப்பதிவினால் அன்றோ கிடைத்தது?

எனினும், தனிச்சட்டம் தனிக்குறையும் உடையதாயிற்று. துணைவர் ஈன்ற மகவையன்றிப் பிறர் மகவை இருவரும் ஒருங்கே சுவீகாரம் செய்ய அதில் இடமில்லை. 2023-இல் திருத்தம் வந்த பின்னரே அவ்வுரிமை எய்திற்று.