உடையும் உளவியலும்

உடை உளவியல் என்பது, ஒருவர் அணியும் ஆடை அவருடைய மனநிலையையும் அவரைப் பற்றிப் பிறர் கொள்ளும் மதிப்பீட்டையும் எவ்வாறு பாதிக்கிறது என்பதை ஆராயும் துறையாகும். உளவியலில் இது தனித்த பெரும்பிரிவு அன்று; பெரும்பாலும் சமூக உளவியலின் ஒரு பகுதியாகவே பயிலப்படுகிறது. "ஆள் பாதி, ஆடை பாதி" என்ற பழமொழியில் எவ்வளவு உண்மை உண்டு என்பதே இதன் அடிப்படைக் கேள்வி எனலாம்.

தொடக்கக் கருத்துகள்

அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890-இல் வெளியிட்ட தம் நூலில், ஒருவர் 'நான்' என்று உணர்வதில் உடலுக்கு அடுத்த இடத்தை உடைக்கே கொடுத்தார். குடும்பமும் வீடும் அதற்குப் பின்பே வருகின்றன. உடையை மட்டுமே பொருளாகக் கொண்டு 1930-இல் நூல் எழுதியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜே. சி. ஃபுளூகல். பாதுகாப்பு, நாணம், அலங்காரம் ஆகிய மூன்றுக்காக மனிதர் உடுத்துகின்றனர் என்றார் அவர். இவற்றுள் நாணம் உடலை மறைக்கச் சொல்கிறது. அலங்காரமோ பிறர் கண்ணில் படச் சொல்கிறது. ஒரே துணி இரண்டு வேலையையும் செய்ய வேண்டியிருப்பதால்தான் உடை விஷயத்தில் மனம் ஒருபோதும் முழு அமைதி அடைவதில்லை என்பது அவர் கருத்து. கண்ணாடி முன் நிற்கும் பதினைந்து வயதுப் பிள்ளையைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

வெள்ளைக் கோட்டுச் சோதனை

2012-இல் ஹயோ ஆடம், ஆடம் கலின்ஸ்கி என்னும் இரு ஆய்வாளர்கள் மாணவர்களுக்கு வெள்ளைக் கோட்டு அணிவித்துச் சோதனைகள் நடத்தினர். ஒரு சோதனையில், நிறத்தின் பெயர் வேறொரு நிற மையில் எழுதப்பட்டிருக்கும். சொல்லைப் படிக்காமல் மையின் நிறத்தைக் கூற வேண்டும். கோட்டு அணிந்தவர்கள் குறைவாகவே தவறினர். மற்றொரு சோதனையில் ஒரே வகைக் கோட்டைச் சிலரிடம் மருத்துவருடையது என்றும், வேறு சிலரிடம் ஓவியருடையது என்றும் சொல்லிக் கொடுத்தனர். மருத்துவர் கோட்டு என்று நம்பி அணிந்தவர்களே கூடுதல் கவனத்துடன் செயல்பட்டனர். துணி ஒன்றுதான், அதற்கு மனம் தந்த பொருளே வேறு.

இந்த ஆய்வு செய்தித்தாள்களில் மிகவும் புகழ்பெற்றது. ஆனால் முதற் சோதனையை 2019-இல் வேறு ஆய்வாளர்கள் கூடுதல் எண்ணிக்கையினரைக் கொண்டு மீண்டும் நடத்தியபோது அதே முடிவு கிடைக்கவில்லை. ஆகவே 'நல்ல சட்டை போட்டால் மதிப்பெண் கூடும்' என்று இதை வைத்துச் சொல்பவர்களை நம்ப வேண்டியதில்லை.

பிறர் பார்வை

மாணவர்கள் அறிந்திருக்க வேண்டிய ஆய்வு வேறொன்று. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச்சும் உடன் ஆய்வாளர்களும் செய்து 2000-இல் வெளியிட்டது. பாரி மனிலோ என்ற பாடகரின் படம் போட்ட பனியனை மாணவர்களுக்கு அணிவித்தனர். அன்றைய கல்லூரி மாணவர்களுக்கு அவர் படத்தை அணிவது கூச்சம் தரும் செயல். அப்படியே மற்ற மாணவர்கள் அமர்ந்திருந்த அறைக்குள் அனுப்பி, "படத்தில் இருப்பவர் யார் என்று எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்?" என்று பின்னர் கேட்டனர். ஏறத்தாழப் பாதிப்பேர் என்று அணிந்தவர்கள் நினைத்தனர். உண்மையில் கவனித்தவர்கள் நான்கில் ஒரு பங்கினர்தான். பிடித்தமான தலைவர், கலைஞர் படம் போட்ட பனியனை அணிந்தபோதும், அணிந்தவர் எதிர்பார்த்த அளவுக்கு யாரும் கவனிக்கவில்லை. பனியனை அணிந்து சற்று நேரம் பழகிய பின் உள்ளே சென்றவர்களுக்கு இந்த மிகைக் கணிப்பு குறைந்திருந்தது. கிழிந்த பையையோ சாயம்போன பாவாடையையோ வகுப்பு முழுவதும் பார்ப்பதாக நினைத்துக் குன்றிப்போகும் பிள்ளையின் நிலையும் பெரும்பாலும் இத்தகையதே.

பெரும்பாலும் என்றே சொல்ல முடியும். பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பின்னர் செய்த ஆய்வுகள் இதன் மறுபக்கத்தைக் காட்டின. ஒரே முகத்தைச் சற்று வசதியாகத் தோன்றும் உடையுடனும் சற்று எளிய உடையுடனும் காட்டி, அவர் எவ்வளவு திறமையானவர் என்று மதிப்பிடச் சொன்னார்கள். வசதியான உடையில் இருந்த முகமே திறமை மிக்கதாக மதிப்பிடப்பட்டது. படத்தை ஒரு நொடியில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு நேரமே காட்டியபோதும் அப்படித்தான். உடையைப் பொருட்படுத்தாதீர்கள் என்று முன்கூட்டியே சொன்ன பிறகும் அப்படித்தான்.

இரு முடிவுகளும் முரண்பட்டவை அல்ல. பனியனில் யார் படம் என்று எதிரில் இருப்பவருக்கு நினைவிருக்காது. ஆனால் 'இவர் எப்படிப்பட்டவர்' என்ற எண்ணம் அவர் அறியாமலேயே பதிந்துவிடும். நேர்காணல் நடத்துபவரும் விடைத்தாள் திருத்துபவரும் வங்கியில் கடன் விண்ணப்பம் வாங்குபவரும் இதை அறிந்திருத்தல் நலம்.

உடையும் படிநிலையும்

வரலாற்றில் இந்தப் பார்வை சட்டமாகவே இருந்ததுண்டு. தென் திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டப் பகுதியில், நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. இதுவே தோள்சீலைப் போராட்டம். 1859-இல் வந்த அரசு அறிவிப்பு மார்பை மறைக்க அனுமதித்தது. ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல் உடுத்தக் கூடாது என்ற தடையையும் சேர்த்தே விதித்தது. உடலை மறைப்பதை ஏற்றுக்கொண்டவர்களால், தோற்றத்தில் சமமாவதை ஏற்க முடியவில்லை.

பள்ளிச் சீருடையின் நோக்கங்களுள் ஒன்று இத்தகைய வேற்றுமையைக் கண்ணிலிருந்து அகற்றுவது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் விலையில்லாச் சீருடை வழங்கப்படுகிறது. எனினும் சீருடையால் எல்லாவற்றையும் மறைக்க இயலாது: பொத்தான் இருந்த இடத்தில் ஊக்கு, அண்ணனின் அளவில் தொங்கும் கால்சட்டை, தேய்ந்த செருப்பு ஆகியவை வெளியே தெரிந்துவிடும். பிறந்தநாளன்று மட்டும் 'கலர் டிரஸ்' அணிந்து வரலாம் என்ற வழக்கம் உள்ள பள்ளிகளில், புதுத்துணி இல்லாத பிள்ளை அன்று சீருடையிலேயே வந்து பிறந்தநாளை யாருக்கும் சொல்லாமல் இருப்பதும், சில வேளை பள்ளிக்கே வராமல் இருப்பதும் உண்டு.