நம் மைனா போன தீவு

மொரீஷியஸ் நாட்டு ரூபாய் நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் டோடோ பறவையின் தலை நீர்க்குறியாகத் தெரியும். அதே நோட்டில் அதன் மதிப்பு தமிழிலும் அச்சாகியிருக்கும். முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துபோன பறவையும் நம் எழுத்தும் ஒரே தாளில் இருக்கின்றன. இரண்டையும் அங்கே சேர்த்துவைத்தது ஒரு கடல்வழி. அந்த வழியின் ஒரு முனை புதுச்சேரி.

1735இல் லா பூர்தொன்னே மொரீஷியஸின் ஆளுநராகப் பொறுப்பேற்றார். அவர் போர்ட் லூயி துறைமுக நகரத்தைக் கட்டியெழுப்பியபோது கொத்தனார்களும் தச்சர்களும் புதுச்சேரியிலிருந்து கப்பலேறினார்கள். அடிமைகளாக ஏற்றப்பட்டவர்களும் உண்டு. ஆட்களைக் கடத்தி அடிமையாக விற்ற கொடுமையை ஆனந்தரங்கப் பிள்ளை 1743இல் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். புதுச்சேரி டூமாஸ் வீதிக்குப் பெயர் தந்த ஆளுநர் டூமாஸ், மொரீஷியஸ், ரியூனியன் தீவுகளை நிர்வகித்த பிறகுதான் இங்கே மாற்றலாகி வந்தார். ஒரே பிரெஞ்சு கிழக்கிந்தியக் கம்பெனி, அதே கப்பல்கள், இங்கும் அங்கும் மாறி மாறிப் போன அதே அதிகாரிகள். அந்தக் கப்பல்களில் போன மனிதர்களைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் நிறையவே எழுதிவிட்டார்கள். அந்த வழியில் போன பறவைகளையும் பிராணிகளையும் பற்றி நாம் பேசுவதில்லை. பேச வேண்டும். அந்தத் தீவுகளின் உயிர்கள் அழிந்த கதையில் அவற்றுக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

மொரீஷியஸ் கடலடி எரிமலை கக்கிய பாறையால் ஆன தீவு. வயது சுமார் 80 லட்சம் ஆண்டுகள். எந்தக் கண்டத்தோடும் அது ஒட்டியிருந்ததே இல்லை. பறந்து வந்தவை, அலையில் மிதந்து வந்தவை, காற்றில் அடித்து வரப்பட்டவை, இவை மட்டுமே அங்கே குடியேறின. பாலூட்டிகளில் வௌவால் தவிர வேறெதுவும் தானாக அங்கே சேரவில்லை. மானும் ஆடும் மேய வேண்டிய இடத்தில் ராட்சத ஆமைகள் மேய்ந்தன. எங்கிருந்தோ வந்து இறங்கிய ஒரு புறா இனம் தலைமுறை தலைமுறையாக உடல் பெருத்து, சிறகு சிறுத்து, டோடோ ஆயிற்று. இன்று உயிரோடிருக்கும் பறவைகளில் அதற்கு மிக நெருங்கிய உறவு நம் நிக்கோபார் தீவுகளில் வாழும் நிக்கோபார் புறா.

பறப்பது செலவு மிகுந்த வேலை. துரத்த எதிரி இல்லாத இடத்தில் அந்தச் செலவு வீண். கூட்டைத் தரையில் வைத்தாலும் எடுத்துத் தின்ன யாருமில்லை. தீவு உயிர்கள் இப்படித்தான் பயத்தை மறந்தன. 1598இல் டச்சுக்காரர்கள் வந்து இறங்கினார்கள். கப்பல் எலி, பன்றி, குரங்கு எல்லாம் தீவில் பரவின. டோடோவைக் கடைசியாகப் பார்த்ததாகப் பெரும்பாலோர் ஏற்கும் பதிவு 1662ஆம் ஆண்டுடையது. மனிதன் அடித்துத் தின்றதைவிட, முட்டையையும் குஞ்சையும் அந்தப் பிராணிகள் தின்றதுதான் டோடோவை முடித்திருக்கும் என்பது ஆய்வாளர்களின் முடிவு. கடந்த ஐந்நூறு ஆண்டுகளில் உலகில் அழிந்த பறவை இனங்களில் பத்துக்கு ஒன்பது தீவுகளில் வாழ்ந்தவை.

டச்சுக்காரர்கள் போனபின் பிரெஞ்சுக்காரர்கள் வந்தார்கள். பயிர்களை வெட்டுக்கிளி மொட்டையடித்தது. அதைத் தின்ன 1762இல் இந்தியாவிலிருந்து மைனாவைக் கொண்டுபோனார்கள். பூச்சியை ஒழிக்க ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குத் தெரிந்தே உயிரினத்தை அனுப்பிய முதல் சம்பவங்களில் ஒன்றாக அதைச் சொல்வார்கள். மைனா வெட்டுக்கிளியைத் தின்றது. கூடவே, தீவுப் பறவைகள் முட்டையிடும் மரப்பொந்துகளையும் பிடித்துக்கொண்டது.

மைனாவோடு நிற்கவில்லை. நம் வீட்டு மூஞ்சூறு 18ஆம் நூற்றாண்டிலேயே கப்பலேறிப் போய்விட்டது. 1892இல் செம்மீசைச் சின்னான் போனது. கொண்டைக்குருவி வகையைச் சேர்ந்த இது, அங்கே பிற நாட்டுக் களைச்செடிகளின் பழங்களைத் தின்று காடு முழுக்க விதைக்கிறது. பிளேக் நோய் வந்தபோது எலியைப் பிடிக்கட்டும் என்று 1900ஐ ஒட்டிக் கீரியைக் கொண்டுபோனார்கள். அது எலியோடு புறாவையும் வல்லூறுக் குஞ்சையும் சேர்த்துப் பிடித்தது. கௌதாரி போனது. கூண்டிலிருந்து தப்பிய பச்சைக்கிளி 1886 வாக்கில் காட்டில் பெருகத் தொடங்கியது.

பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். மைனா, கீரி, கிளி, மூஞ்சூறு. பிள்ளையார் வாகனம் முதல் ஆண்டாள் கையில் அமர்ந்த கிளி வரை, நாம் கொஞ்சிக் கும்பிட்டு வளர்த்தவை. அவற்றின் மேல் குற்றமில்லை. இங்கே அவற்றை அடக்கிவைக்கப் பாம்பும் பூனையும் பருந்தும் இருந்தன. அங்கே அந்த அளவுக்கு எதுவும் இல்லை. எந்த உயிர் எங்கே போனால் என்னவாகும் என்று யோசிக்காமல் கூண்டைத் திறந்தவர்கள் மனிதர்கள்.

கிளியின் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். மொரீஷியஸுக்கென்றே ஒரு பச்சைக்கிளி உண்டு. எக்கோ கிளி என்பார்கள். அதன் மரபணுவைச் சோதித்தபோது அது நம் பச்சைக்கிளிக்கு நெருங்கிய சொந்தம் என்று தெரிந்தது. ஏதோ ஒரு காலத்தில் இந்தியப் பக்கத்துக் கிளிகள் கடல் தாண்டிப் போய், தனித்திருந்து, தனி இனமாகியிருக்கின்றன. லட்சக்கணக்கான ஆண்டுகளுக்குப் பிறகு அதன் உறவுக்காரக் கிளி கூண்டில் வந்து இறங்கி, பொந்துக்கும் பழத்துக்கும் போட்டியிட்டது. 1980களில் எக்கோ கிளிகள் பத்துக்குப் பக்கமாகச் சுருங்கிவிட்டன. அவற்றில் பெண் கிளிகள் மூன்றே மூன்று.

இந்த இடத்தில் வேறு யாராயிருந்தாலும் முடிந்தது என்று கைகழுவியிருப்பார்கள். உண்மையிலேயே அப்படிச் சொன்னவர்கள் இருந்தார்கள். 1974இல் மொரீஷியஸின் சிறு வல்லூறு, காட்டில் தெரிந்த அளவில் நான்கே நான்கு. மலேரியாவுக்காகத் தெளித்த டிடிடி, வெட்டப்பட்ட காடு, குரங்கு, கீரி என்று எல்லாம் சேர்ந்து அதை அந்த நிலைக்குக் கொண்டுவந்திருந்தன. காப்பாற்ற ஆகும் பணத்தை வேறு உயிர்களுக்குச் செலவிடலாம், இதை விட்டுவிடலாம் என்று எழுதிய அறிஞரும் உண்டு. 1979இல் கார்ல் ஜோன்ஸ் என்ற வேல்ஸ் நாட்டு இளைஞரை அங்கே அனுப்பியவர்கள், திட்டத்தை மூடிவிட்டு வரச் சொல்லித்தான் அனுப்பினார்கள். அவர் மூடவில்லை.

அவர் செய்தது எளிய காரியம்தான். வல்லூறு இட்ட முதல் ஈட்டு முட்டைகளைப் பாறைப் பொந்திலிருந்து எடுத்துவிடுவார். முட்டை போய்விட்டால் தாய் மறுபடி இடும். நாட்டுக்கோழி வளர்த்த வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது. எடுத்த முட்டைகள் பொரிப்பகத்தில் பொரிந்தன. இரண்டாவது ஈட்டைத் தாயே அடைகாத்தது. காட்டுப் பறவைகளுக்கு வெள்ளைச் சுண்டெலிகளை வீசி எறிந்து உணவு ஊட்டினார்கள். பாறையிலும் மரத்திலும் கூட்டுப் பெட்டிகள் பொருத்தினார்கள். 1990களின் நடுப்பகுதிக்குள் முந்நூறுக்கும் மேற்பட்ட வல்லூறுகளைக் காட்டில் விட்டாயிற்று.

இளஞ்சிவப்புப் புறாவுக்கும் இதே கதி. 1990ஐ ஒட்டிக் காட்டில் எஞ்சியவை சுமார் பத்து. ஜெரால்ட் டரல் 1970களிலேயே சிலவற்றை ஜெர்சி தீவிலிருந்த தம் காட்சிச்சாலைக்குக் கொண்டுபோய் வளர்த்திருந்தார். இனப்பெருக்கம் செய்வித்துக் காட்டில் விட்டார்கள், கூட்டைச் சுற்றி எலி பிடித்தார்கள், கோதுமையும் சோளமும் வைத்தார்கள். இன்று ஐந்நூறை ஒட்டி இருக்கின்றன. எக்கோ கிளி எழுநூறைத் தாண்டிவிட்டது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் புறா 2018இலும் கிளி 2019இலும் அபாயம் குறைந்த படிக்கு இறக்கப்பட்டன.

இதை வெற்றிக்கதையாக மட்டும் சொன்னால் பாதி மறைத்தவன் ஆவேன். வல்லூறு 2014இல் மறுபடி அதிக அபாயப் பிரிவுக்குப் போய்விட்டது. கவனிப்பு தளர்ந்ததும் எண்ணிக்கையும் தளர்ந்தது. அலகையும் இறகையும் அழுகவைக்கும் வைரஸ் நோய் ஒன்று 2005ஐ ஒட்டி எக்கோ கிளிகளைத் தாக்கியது. நம் பச்சைக்கிளியிடமும் அந்த நோய் இருக்கிறது. நல்ல நிலையிலுள்ள இயற்கைக் காடு தீவின் பரப்பில் நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. 2015இலிருந்து, லிச்சிப் பழத்தையும் மாம்பழத்தையும் தின்கிறது என்று பழந்தின்னி வௌவால்களை அரசே ஆயிரக்கணக்கில் சுட்டுத் தள்ளியது. காட்டு மரங்களின் விதையைத் தூக்கிச் செல்லும் பெரிய உயிர்களில் மிஞ்சியது அந்த வௌவால்தான். புறாவைப் பெருக்கிய அதே நாடு வௌவாலைச் சுட்டதை என்னால் ஏற்க முடியவில்லை.

பெரிய தீவில் எலியையும் கீரியையும் முற்றாக ஒழிப்பது நடக்காத காரியம். அதனால் கரையோரக் குட்டித் தீவுகளுக்குப் போனார்கள். தென்கிழக்கே ஈல் ஓ எக்ரெட் என்ற பவளப்பாறைத் திட்டு. பரப்பு சுமார் 26 ஹெக்டேர். அங்கே எலியை ஒழித்து, களையைப் பிடுங்கி, மொரீஷியஸின் கருங்காலிக் காட்டைத் திரும்ப வளர்த்தார்கள். கருங்காலி விதையை விழுங்கிப் பரப்பிய ராட்சத ஆமை இனங்கள் அழிந்துவிட்டன. பதிலாக 2000இல் அல்டாப்ரா தீவின் ஆமைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். ஆமையின் குடல் வழியாகப் போன விதைகள் நன்றாகவே முளைத்தன. அழிந்த ஓர் உயிரின் வேலையை வேறோர் உயிர் செய்ய முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்றை நான் படித்ததில்லை.

வடக்கே ரவுண்ட் தீவில் 1979இல் ஆடுகளையும் 1986இல் முயல்களையும் அப்புறப்படுத்தினார்கள். பனை முளைத்தது, அரணை பெருகியது. ஆனால் மண்ணில் வளை தோண்டி வாழ்ந்த ஒரு மலைப்பாம்பு வகையை 1975க்குப் பின் யாரும் பார்க்கவில்லை. சில ஆண்டுகள் பிந்திவிட்டார்கள். ஃபிளாட் தீவில் 2010இல் ஒரு விபத்து. நம் மூஞ்சூறு எப்படியோ அங்கே போய்ச் சேர்ந்தது. செம்மஞ்சள் வால் அரணை வாழ்ந்த ஒரே இடம் அதுதான். இரண்டே ஆண்டுக்குள் அங்கே ஓர் அரணை இல்லை. சிலவற்றை முன்கூட்டியே பக்கத்துத் திட்டுக்கும் ஜெர்சிக்கும் மாற்றிவைத்திருந்ததால்தான் அந்த இனம் இன்னும் இருக்கிறது.

இதையெல்லாம் புதுச்சேரியில் உட்கார்ந்து ஏன் எழுதுகிறேன் என்றால், நம்மைச் சுற்றியும் தீவுகள் இருக்கின்றன. அவற்றைச் சூழ்ந்திருப்பது முந்திரித் தோப்பும் சவுக்குத் தோப்பும் வீட்டுமனைகளும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழ்ப்புத்துப்பட்டு மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயிலுக்குப் போனவர்கள் கோயிலைச் சுற்றியுள்ள காட்டைப் பார்த்திருப்பார்கள். சோழமண்டலக் கரைக்கு உரிய உலர் பசுமைமாறாக் காடு அது. ஆண்டில் பாதிக்கு மேல் மழையில்லாத மண்ணில், இலை உதிர்க்காமல் பச்சையாகவே நிற்கும் விசித்திரமான காடு. வீரை, காசா, உலக்கைப்பாலை, இடுப்பளவு கனத்த கொடிகள். இந்தக் காட்டு வகைக்குக் கருங்காலியும் சொந்தம். மொரீஷியஸ் கருங்காலியின் உறவு மரம். ஒரு காலத்தில் கரை நெடுகப் பரந்திருந்ததில், இன்று பெரும்பாலும் அய்யனாருக்கும் அம்மனுக்கும் நேர்ந்துவிட்ட துண்டுகளே மிச்சம். செயின்ட் லூயி வீதியில் 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும், புதுச்சேரிப் பல்கலைக்கழகமும் இவற்றின் மரங்களை அடையாளம் கண்டு பதிந்திருக்கின்றன.

மெக்கார்தர், வில்சன் என்ற இருவர் 1967இல் தீவு உயிரியலுக்கு ஒரு கணக்குச் சொன்னார்கள். தீவு சிறுத்தால் இனங்கள் குறையும். அடுத்த கரை தூரமானால் புதிதாக வந்து சேர்பவை குறையும். கோயில் காட்டுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். ஒரு காட்டில் ஒரு மர இனத்தில் நாலைந்து தாய்மரங்களே இருந்து, ஒரு புயலில் அவை சாய்ந்தால், பக்கத்துக் காட்டிலிருந்து விதை வர வேண்டும். பக்கத்துக் காடு இல்லையென்றால் அந்த இனம் அங்கே முடிந்தது.

பல ஊர்களில் பக்தியே இப்போது காட்டைச் சுருக்குகிறது. வேண்டுதல் பலித்தவர் மண்டபம் கட்டுகிறார். கார் நிறுத்த இடம் வேண்டுமென்று புதரை வழிக்கிறார்கள். முன்பு சாமிக்குப் பயந்து ஒரு சுள்ளியைக்கூட எடுக்காமல் இருந்தார்கள். இப்போது சாமிக்காகவே மரத்தை வெட்டுகிறார்கள். மறுபக்கம், 1968இல் ஆரோவில் தொடங்கியபோது வெறும் செம்மண் பொட்டலாக இருந்த மேட்டில், இதே காட்டு மரங்கள் இன்று அடர்ந்து நிற்கின்றன. மிஞ்சிய காட்டுத் துண்டுகளில் விதை பொறுக்கி, கன்று வளர்த்து நட்டதில் வந்த காடு அது.

மொரீஷியஸில் களையைப் பரப்பும் மைனாவும் கொண்டைக்குருவியும் இங்கே காட்டின் சொந்தக்காரர்கள். நாவலையும் அத்தியையும் தின்று விதையைத் துண்டுக்குத் துண்டு எடுத்துப்போவது அவைதான், இரவில் வௌவால். அவை வந்து உட்கார இடையில் மரம் வேண்டும். ஏரிக்கரையில் நாவல், சாலையோரம் ஆலும் அரசும், பள்ளி வளாகத்தில் வீரையும் காசாவும் நட்டால் கோயில் காடுகள் ஒன்றையொன்று தொடும். இதற்குப் பெரிய பணம் தேவையில்லை. வனத்துறையும் அறநிலையத் துறையும் ஊராட்சிகளும் சேர்ந்து உட்கார்ந்தால் போதும். அதற்கும் முன்னால் ஒன்று செய்யலாம். கோயில் காட்டில் அடுத்த மண்டபத்துக்கோ சுற்றுச்சுவருக்கோ அளவு எடுக்கும்போது, எத்தனை மரம் போகும், அவை என்னென்ன மரம் என்று கிராமசபைக் கூட்டத்தில் எழுந்து கேட்கலாம்.